கரும்பு டிரெய்லருக்கு எந்த வயர் வாங்குவது?

வீட்டுக்கு வயர் வாங்குவது சுலபம். கடைக்காரரிடம் "லைட்டுக்கு, ஃபேனுக்கு" என்றால் ஒரு சுருளைத் தூக்கிக் கொடுத்துவிடுவார். ஏ.சி.க்கு என்றால் இன்னும் தடிமனாக ஒன்று. ஆனால் "டிராக்டர் டிரெய்லருக்கு, 12 வோல்ட்டு" என்று சொல்லிப் பாருங்கள். "12 வோல்ட்டுதானே, எதைப் போட்டாலும் எரியும்" என்ற பதில்தான் வரும். ஷாக் அடிக்காது என்பதால் 12 வோல்ட்டை யாரும் மதிப்பதில்லை. இந்தப் பதிவு அந்த 12 வோல்ட்டுக்கு மரியாதை வாங்கிக் கொடுக்கத்தான் :-)

மின்சாரம் படிக்காத நண்பர்கள் ஓடிவிட வேண்டாம். பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் (2019-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த மாவட்டம்) இருக்கிறது. சுற்றிலும் கரும்பு. அரவை தொடங்கிவிட்டால் ராத்திரி எந்த ரோட்டில் போனாலும் முன்னால் ஒரு கரும்பு டிரெய்லர் அசைந்து அசைந்து போய்க்கொண்டிருக்கும். சித்தப்பாவிடம் ஒரு டிராக்டரும் இரண்டு டிரெய்லரும் உண்டு. ஒரு டிரெய்லரில் ஆட்கள் கட்டு ஏற்றிக்கொண்டிருக்கும்போது, டிராக்டர் இன்னொன்றை இழுத்துக்கொண்டு ஆலைக்குப் போய்விடும். அதாவது ஒரு டிரெய்லர் எப்போதும் டிராக்டர் இல்லாமல் வயலோரத்திலோ ரோட்டோரத்திலோ தனியாக நிற்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டும்.

போன அரவைப் பருவத்தில், எங்கள் தெரு அண்ணன் ஒருவர் இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வரும்போது, பஞ்சராகி நின்ற ஒரு டிரெய்லரின் பின்னால் மோதிவிட்டார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. தொடையில் கம்பி வைத்து, ஆறு மாதம் வேலைக்குப் போகவில்லை. நின்ற வண்டிக்கு அடையாளமாகப் பின்னால் ஒரு வேப்பங்கிளையும் நாலு கல்லும் வைத்திருந்தார்கள். நம் ஊரில் அதுதானே வழக்கம். இருட்டில் வேப்பங்கிளை யாருக்குத் தெரியும்? அந்த டிரெய்லரில் பின்விளக்கு இருந்தது. வயரும் இருந்தது. டிராக்டரைக் கழற்றிக்கொண்டு போனதும் எல்லாம் அணைந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் சித்தப்பா என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, நீ கரண்டு படிப்புதானே படிக்கிற? நம்ம டிரெய்லருக்கு ஒழுங்கா ஒரு வயரிங் போட்டுக் குடு. டிராக்டர் இல்லாதப்பவும் பின்னாடி சிவப்பு லைட்டு எரியணும்" என்றார். செமஸ்டர் லீவில் எனக்குக் கிடைத்த ப்ராஜெக்ட் இது. மார்க் கிடையாது, டீ உண்டு.

<b>ஏற்கெனவே என்ன இருந்தது?</b>

இரண்டு வருடம் முன்பு ஒரு கடையில் போட்ட வயரிங். விளக்குகளுக்கு மணி அடிக்கும் காலிங் பெல்லுக்குப் போடுவது மாதிரி மெல்லிய வயர். டிரெய்லரின் பின்பக்கம் ஒரு 35 ஆம்பியர்-அவர் பேட்டரி, ராத்திரி கரும்பு ஏற்ற இரண்டு எல்.இ.டி. ஃபோகஸ் விளக்குகளுக்காக. டிராக்டரிலிருந்து அந்த பேட்டரிக்கு சார்ஜ் ஏற 1.5 ஸ்கொயர் எம்.எம். வீட்டு வயர். பேட்டரி ஒரே அரவைப் பருவத்தில் செத்துவிட்டது. "பேட்டரி கம்பெனி சரியில்ல" என்று தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது. பாவம் அந்த பேட்டரி, அதன் மேல் தப்பே இல்லை. எப்படி என்று பார்ப்போம்.

<b>இரண்டு வோல்ட் போனால் என்ன?</b>

100 வாட் எடுக்கும் ஒரு விளக்கு 230 வோல்ட்டில் 0.43 ஆம்ப் இழுக்கும். அதே 100 வாட்டை 12 வோல்ட்டில் எடுக்க 8.3 ஆம்ப் வேண்டும். வோல்ட் குறைந்தால் ஆம்ப் கூடும். வயருக்கு வோல்ட் முக்கியமில்லை. அதன் வழியாக ஓடும் ஆம்ப்தான் முக்கியம். ஓம் 1827-இல் புத்தகமாகப் போட்டுவிட்ட சங்கதி: ஆம்ப்பையும் வயரின் தடையையும் பெருக்கினால், வயரிலேயே தொலைந்துபோகும் வோல்ட் கிடைக்கும்.

வீட்டில் வயரில் 2 வோல்ட் தொலைந்தால் 230-இல் ஒரு சதவீதம்கூட இல்லை. யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் 2 வோல்ட் தொலைந்தால் ஆறில் ஒரு பங்கு போயே போச்சு. அதனால்தான் வீட்டு வயரிங் செய்து பழகிய கை டிரெய்லரில் தடுமாறுகிறது. "இந்த வயர் 10 ஆம்ப் தாங்குமா?" என்று கேட்பது சூடாகித் தீப்பிடிக்காமல் இருக்க. "இத்தனை தூரத்தில் எத்தனை வோல்ட் தொலையும்?" என்று கேட்பதுதான் விளக்கு எரிய. 12 வோல்ட்டில் இரண்டாவது கேள்விதான் பெரும்பாலும் வயரைத் தீர்மானிக்கிறது.

கணக்கு இதுதான். ஒரு மீட்டர் நீளம், 1 ஸ்கொயர் எம்.எம். தடிமன் உள்ள செம்புக் கம்பியின் தடை ஏறக்குறைய 0.0172 ஓம். நீளம் கூடினால் பெருக்குங்கள், தடிமன் கூடினால் வகுங்கள். அவ்வளவே.

டேப் பிடித்து அளந்ததில் டிராக்டர் பேட்டரியிலிருந்து டிரெய்லரின் பின்விளக்கு வரை 10 மீட்டர். போனது திரும்பி வரவும் வேண்டும், ஆக 20 மீட்டர். (இந்தத் திரும்பி வருகிற பாதையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.) பிரேக் விளக்கு 21 வாட் பல்பு இரண்டு, மொத்தம் 42 வாட், அதாவது 3.5 ஆம்ப்.

0.5 ஸ்கொயர் எம்.எம். வயரில் 2.4 வோல்ட் தொலையும்.
1 ஸ்கொயரில் 1.2 வோல்ட்.
1.5 ஸ்கொயரில் 0.8 வோல்ட்.
2.5 ஸ்கொயரில் 0.5 வோல்ட்.

2.4 வோல்ட் குறைந்தால் வெளிச்சம் 20 சதவீதம்தானே குறையும் என்று நினைத்தால் அதுதான் இல்லை. இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டோடு நேராகக் குறையாது, மடமடவென்று குறையும். வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் போய்விடும். 20 சதவீதம் குறைந்தால் பாதிக்கும் கீழே. சித்தப்பாவின் பழைய பின்விளக்கு பீடி நெருப்பு மாதிரி எரிந்ததன் ரகசியம் இதுதான்.

<b>எர்த் எங்கே?</b>

பழைய வயரிங்கில் இன்னொரு சிக்கனமும் இருந்தது. திரும்பி வரும் வயரே கிடையாது. டிரெய்லரின் இரும்புச் சட்டமும், டிராக்டரோடு மாட்டுகிற கொக்கியும் பின்னும்தான் எர்த். காகிதத்தில் இது சரி. நிஜத்தில் அந்தப் பின்னில் துரு, கிரீஸ், சேறு எல்லாம் இருக்கிறது. பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது பின்னும் குலுங்கும், விளக்கும் கண்ணடிக்கும்.

எர்த் கெட்டால் ஒரு வேடிக்கை நடக்கும். இடது இண்டிகேட்டர் போட்டால் இரண்டு பக்கமும் மங்கலாகத் துடிக்கும், பிரேக் பிடித்தால் இண்டிகேட்டர் எரியும். கரண்ட் வீடு திரும்ப வழி கிடைக்காமல் பக்கத்து விளக்கின் இழை வழியாகப் புகுந்து போகப் பார்க்கிறது. டிரெய்லர் விளக்குகள் பேய் பிடித்த மாதிரி ஆடினால், மந்திரிக்க வேண்டாம், முதலில் எர்த்தைப் பாருங்கள்.

எர்த் வயர் மற்ற எல்லா வயரையும்விடத் தடிமனாக இருக்க வேண்டும். காரணம் எளிது. பிரேக் விளக்கு 3.5 ஆம்ப், 5 வாட் பின்விளக்கு இரண்டும் சேர்த்து 0.8 ஆம்ப், ஒரு இண்டிகேட்டர் 1.75 ஆம்ப். தனித்தனி வயரில் போகிற இவை எல்லாம் ஒரே எர்த் வழியாகத் திரும்புகின்றன. ஆறு ஆம்ப். ஆறு பேர் தனித்தனிச் சந்து வழியாக வந்து ஒரே வாசலில் வெளியேறுகிற மாதிரி. வாசல் பெரிதாக இருக்க வேண்டாமா?

<b>பேட்டரி ஏன் செத்தது?</b>

இப்போது செத்த பேட்டரியின் பிரேதப் பரிசோதனை. எஞ்சின் ஓடும்போது டிராக்டர் பேட்டரியில் 14.2 வோல்ட் இருக்கிறது. ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஏறத் தொடங்கியதும் அதன் முனையில் 13 வோல்ட்டுக்கு மேலே போய்விடும். 13.2 என்று வைத்துக்கொள்வோம். ஆக, கரண்டைத் தள்ளுவதற்கு மிச்சம் இருப்பது 1 வோல்ட் மட்டும். 10 மீட்டர் தூரம், 1.5 ஸ்கொயர் வயர், போகவர 0.23 ஓம். ஒன்றை 0.23-ஆல் வகுத்தால் 4.4 ஆம்ப். அதுவும் தொடக்கத்தில். பேட்டரி வோல்ட் ஏற ஏற, தள்ளுகிற சக்தி குறைந்து, 2 ஆம்ப், 1 ஆம்ப் என்று இறங்கிவிடும்.

ஃபோகஸ் விளக்குகள் 36 வாட், 3 ஆம்ப். நாலு மணி நேரம் ஏற்றினால் 12 ஆம்பியர்-அவர் செலவு. ஆலைக்குப் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரத்தில் இந்த வயர் 12-ஐ எங்கே திருப்பிக் கொடுப்பது? தினமும் கொஞ்சம் பாக்கி. பாக்கி சேர்ந்துகொண்டே போய் பேட்டரி எப்போதும் அரைப்பசியில் கிடந்தது. ஈய-அமில பேட்டரியை அரை சார்ஜிலேயே நாள்கணக்கில் வைத்திருந்தால் தகடுகளில் சல்ஃபேட் கட்டியாகப் படிந்துவிடும். பிறகு சார்ஜ் ஏற்றினாலும் கரையாது. இதுதான் கதை. ராத்திரி முழுக்க நிறுத்தாமல் ஓட்டினால் அந்த மெல்லிய வயர் வழியாகவும் பேட்டரி நிறைந்துவிடும்தான். ஆனால் அவ்வளவு நேரம் ஓட்டுகிற டீசலுக்கு நாலு சுருள் வயர் வாங்கலாம்.

எவ்வளவு கரண்ட் போக வேண்டும் என்பதைப் பேட்டரி தீர்மானிக்க வேண்டும், வயர் தீர்மானிக்கக் கூடாது. அதற்கு இரண்டு வழி. வயரைத் தடிமனாக்கலாம், அல்லது தூரத்தைக் குறைக்கலாம். டவுனில் பேட்டரி கடை வைத்திருக்கும் பாய் ஒருவரிடம் யோசனை கேட்டபோது, "ஏன் பாப்பா, பேட்டரிய பின்னாடி வச்சாத்தான் சார்ஜ் ஏறுமா? முன்னாடி கொண்டாந்து வையி" என்றார். நான் தடிமனையே முறைத்துக்கொண்டிருந்தேன், அவர் ஒரே வரியில் நாலு மீட்டரைக் கழித்துவிட்டார்! ஏர்க்கால் மாதிரி முன்னால் நீண்டிருக்கும் இரும்புக்கு மேலே, டிரெய்லரின் முன்பலகையோரம் ஒரு பெட்டி அடித்து பேட்டரியை வைத்தோம். தூரம் 10 மீட்டரிலிருந்து 6 மீட்டர். 6 ஸ்கொயர் எம்.எம். வயர் போட்டால் போகவர 0.034 ஓம். 10 ஆம்ப் ஓடினாலும் 0.34 வோல்ட்தான் தொலையும்.

<b>ஃபியூஸ், ரிலே, சுவிட்ச்</b>

சார்ஜ் வயருக்கு இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது. நடுவில் எங்காவது வயர் உரசி இரும்பில் பட்டால் இரண்டு பக்கமிருந்தும் நெருப்பு வரும். ஆகவே இரண்டு முனையிலும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே, ஆளுக்கொரு 30 ஆம்ப் ஃபியூஸ். ஃபியூஸ் விளக்கைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற.

அடுத்தது ரிலே. டிராக்டரை ஸ்டார்ட் செய்யும்போது அதன் பேட்டரி 10 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இறங்கும். அப்போது டிரெய்லர் பேட்டரி "நான் உதவுகிறேன்" என்று இந்த வயர் வழியாகப் பாயும், ஃபியூஸ் போகும். அதனால் எஞ்சின் ஓடி ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் இரண்டு பேட்டரியும் கைகோர்க்கிற மாதிரி ஒரு ரிலே.

மூன்றாவது, சித்தப்பா கேட்ட விஷயம்: தனியாக நிற்கும்போதும் பின்விளக்கு எரிய வேண்டும். அதற்கு டிரெய்லரில் ஒரு இருவழி சுவிட்ச். ஒரு பக்கம் தள்ளினால் பின்விளக்கு டிராக்டரிலிருந்து எரியும், மறுபக்கம் தள்ளினால் டிரெய்லர் பேட்டரியிலிருந்து. சாதாரண சுவிட்ச் போட்டால் டிரெய்லர் பேட்டரி டிராக்டரின் விளக்குகளுக்கும் பின்வாசல் வழியாகச் சோறு போட ஆரம்பித்துவிடும். எல்.இ.டி. பின்விளக்கு இரண்டும் சேர்ந்து 0.3 ஆம்ப்தான். 12 மணி நேரம் எரிந்தாலும் 4 ஆம்பியர்-அவரைத் தாண்டாது.

"எல்.இ.டி. போட்டா மெல்லிசு வயரே போதுமேம்மா" என்று சித்தப்பா நியாயமாகக் கேட்டார். உண்மைதான், கணக்குப்படி போதும். ஆனாலும் 1.5 ஸ்கொயருக்குக் கீழே இறங்கவில்லை. ஒன்று, சோகை மாட்டி இழுத்தால் மெல்லிய வயர் அறுந்துவிடும். இரண்டு, நடுராத்திரி வழியில் விளக்கு உடைந்தால், கிடைக்கிற கடையில் கிடைக்கிற 21 வாட் பல்பு விளக்கைத்தான் மாட்டிக்கொண்டு வருவார்கள். வயர் அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

<b>கடையில் ஏமாறாமல் இருக்க</b>

பழைய எலக்ட்ரீஷியன்கள் இன்னும் "3/20", "7/20" என்றுதான் கேட்பார்கள். 20-ஆம் கேஜ் கம்பி மூன்று, அல்லது ஏழு என்று அர்த்தம். கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும், கவனம். 3/20 என்பது ஏறக்குறைய 2 ஸ்கொயர், 7/20 ஏறக்குறைய 4.6 ஸ்கொயர். ஆனால் டிரெய்லருக்கு இந்த மாதிரி மொத்தக் கம்பிகள் வேண்டாம். குலுங்கிக் குலுங்கி உள்ளேயே முறிந்துவிடும், மேலே பிளாஸ்டிக் அப்படியே இருக்கும், நாள் முழுக்கத் தேடுவீர்கள். மெல்லிய இழைகள் நிறைய உள்ள வயர்தான் வேண்டும்.

0.3 மி.மீ. இழை வயரில் நீங்களே எண்ணிப் பார்க்கலாம். 14 இழை என்றால் 1 ஸ்கொயர், 22 என்றால் 1.5, 36 என்றால் 2.5, 56 என்றால் 4, 84 என்றால் 6. உறையில் 2.5 என்று அச்சடித்துவிட்டு உள்ளே 28 இழை இருந்தால் கணக்குக் கேளுங்கள். (நான் கடையில் நின்று எண்ணியபோது கடைக்காரர் பார்த்த பார்வை இருக்கிறதே!)

இன்னொரு தந்திரம், அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய வயர். பார்க்க அச்சு அசல் செம்பு. தடை ஒன்றரை மடங்குக்கும் மேலே. ஒரு இழையை பிளேடால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். சுருளைத் தூக்கிப் பார்த்தாலும் தெரியும். செம்பு அலுமினியத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல் கனமானது.

<b>கடைசியில் போட்டது</b>

பின்விளக்கு, பிரேக், இண்டிகேட்டர் எல்லாவற்றுக்கும் தனித்தனி 1.5 ஸ்கொயர். எர்த்துக்கு 4 ஸ்கொயர், கொக்கியை நம்பாமல், சாக்கெட்டிலிருந்தே தனி வயர். சார்ஜுக்கு 6 ஸ்கொயர் இரண்டு, போகவும் வரவும், ஏழு முனை சாக்கெட்டில் சேர்க்காமல் மூடி போட்ட தனி கனெக்டரில். முனைகளில் எல்லாம் லக் வைத்து நசுக்கி, சுருங்கும் ஸ்லீவ் போட்டாயிற்று. சட்டத்துக்குள் நுழையும் இடங்களில் ரப்பர் வளையம், மற்ற இடங்களில் பிளாஸ்டிக் குழாய்.

ஏழு முனை சாக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஐ.எஸ்.ஓ. 1724 தரத்தில் மஞ்சள் இடது இண்டிகேட்டர், பச்சை வலது, வெள்ளை எர்த், சிவப்பு பிரேக், கறுப்பு இடது பின்விளக்கு, பழுப்பு வலது பின்விளக்கு, நீலம் பனி விளக்கு. உங்கள் வண்டியில் இதற்கு முன் யார் கைவைத்தார்கள் என்பதைப் பொறுத்து நிறம் மாறியிருக்கும். நிறத்தை நம்பாமல் டெஸ்ட் லாம்ப்பை நம்புங்கள்.

மீட்டர் வைத்துப் பார்த்தோம். டிராக்டர் பேட்டரியில் 14.2, டிரெய்லர் பேட்டரியில் 13.8, ஓடியது 8 ஆம்ப். கணக்கு 0.28 வோல்ட் தொலையும் என்றது, நிஜத்தில் 0.4. மிச்சம் ஃபியூஸ், ரிலே, கனெக்டர் மூன்றும் எடுத்துக்கொண்ட கமிஷன். அந்தக் கமிஷன் ஒரு நாள் திடீரென்று கூடினால், அங்கே துரு பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். சித்தப்பா இப்போது மாதம் ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்த்து எனக்கு ஃபோனில் வோல்ட் சொல்கிறார். "சாப்பிட்டியா" என்பது அதற்குப் பிறகுதான்.

வயரே தேவைப்படாத ஒன்றும் செய்தோம். பின்பலகை முழுக்கச் சிவப்பு ஒளிரும் ஸ்டிக்கர், பக்கவாட்டில் மஞ்சள். அதற்கு ஃபியூஸ் போகாது, எர்த் கெடாது. மேலே சேறு படிந்தால் ஈரத்துணியால் துடைத்தால் போதும். உங்கள் வீட்டில் டிராக்டர் இருந்தால், வயரிங் அடுத்த மாதம் செய்யலாம், ஸ்டிக்கரை இன்றைக்கே ஒட்டிவிடுங்கள்.

பின்குறிப்பு: சூத்திரத்தைத் தனியாகக் கேட்கும் கிளாஸ்மேட்ஸுக்காக. தொலையும் வோல்ட் = 0.0172 × போகவர மொத்த மீட்டர் × ஆம்ப் ÷ ஸ்கொயர் எம்.எம். விளக்குக்கு 0.8-க்குள், சார்ஜுக்கு 0.4-க்குள் வருகிற மாதிரி வயரை எடுங்கள். லேபில் இதைச் செய்தபோது எனக்குத் தூக்கம் வந்தது. வயலில் வரவில்லை.